முதல் கொடுவாப் பயணத்தின் தூண்டில் கருவிகள்: மேரி ஆற்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

மெல்பர்னில் வசிக்கும் என் நண்பர் ஒருவரும் அவருடைய அக்கா மகனும், ஆஸ்திரேலியர்கள் பாரமுண்டி என்று அழைக்கும் கொடுவா மீனைத் தூண்டிலில் பிடிக்கும் நோக்குடன் ஒரு மே மாதத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வினுக்கு வந்தனர். இருவருக்கும் அது முதல் கொடுவாப் பயணம். நண்பர் தூண்டிலுக்குப் புதியவர் அல்லர். போர்ட் பிலிப் விரிகுடாவில் பல ஆண்டுகளாக ஸ்னாப்பரும் பிரீமும் பிடித்துப் பழகியவர். மருமகன் தூண்டில் கலையை அண்மையில்தான் கற்கத் தொடங்கியிருந்தார். கருவிகள் அனைத்தையும் அவர்கள் மெல்பர்னிலேயே வாங்கிக்கொண்டு வந்திருந்தனர். அவற்றுள் எவை பயன்பட்டன, எவை பயன்படவில்லை, எந்தெந்த இடத்தில் எதை மாற்ற நேர்ந்தது, அதற்குக் காரணம் என்ன என்பவற்றை, அவர்களுடன் படகில் இருந்து கவனித்தவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். கொடுவாவுக்கான கருவித் தேர்வு, மீன் எந்த ஆழத்தில் எதற்காக நிற்கிறது என்ற கேள்வியில் தொடங்கி, மீனுக்கும் மனிதருக்கும் இடையில் உள்ளவற்றில் வலுக் குறைந்த இணைப்பு எது என்ற கேள்வியில் முடிய வேண்டும் என்பதும், கடைகளில் எல்லோருடைய கண்ணையும் முதலில் இழுக்கும் லூரின் (செயற்கை இரையின்) நிறம் இவ்விரண்டுக்கும் பின்னரே வர வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. இந்நிகழ்வு அதை ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் மெய்ப்பித்தது.

அவர்கள் கொண்டு வந்தவை

இரண்டு முதல் நான்கு கிலோ வரை தாங்கும் நரம்புக்கு (தூண்டில் இழைக்கு) ஏற்ற ஏழடி ராடுகள் (தூண்டில் கோல்கள்) இரண்டு. அவற்றில் 2500 அளவு ஸ்பின்னிங் ரீல்களும் (வீசும்போது சுருள் சுழலாத வகை) எட்டுப் பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னல் நரம்பும்) இருந்தன. இவை நண்பர் பிரீம் மீனுக்குப் பயன்படுத்தியவை. கடற்கரையிலிருந்து வீசுவதற்கான பன்னிரண்டு அடி ராடு ஒன்று. மருமகன் புதிதாக வாங்கிய ஆறடி பெய்ட்காஸ்டர் (வீசும்போது சுருளே சுழலும் வகை) ராடும் ரீலும். அதில் முப்பது பவுண்டு பிரெய்டு சுற்றப்பட்டிருந்தது. பதினைந்து பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் இடையில் கட்டும் ஒற்றை இழை) ஒரு சுருள். எஃகுக் கம்பி லீடர்கள் ஒரு பொட்டலம். லூர் பெட்டியில் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான பிரீம் லூர்கள் நிறைய இருந்தன. அவற்றோடு, கொடுவாவுக்கென்று இணையத்தில் மலிவு விலையில் வாங்கிய பன்னிரண்டு சென்டிமீட்டர் மின்னோ (ஒல்லியான சிறு மீன் வடிவ) வகை லூர்களும் இருந்தன. இந்தப் பெரிய லூர்கள் அனைத்தும் ஒரே வடிவம், ஒரே ஆழத்தில் ஓடுபவை. நிறம் மட்டுமே ஒன்றுக்கொன்று வேறு.

பட்டியலைப் பார்த்தவுடன் எனக்குக் கவலை தந்தவை அந்தப் பெரிய லூர்கள்தாம். பன்னிரண்டு நிறங்களில் ஒரே ஆழம் என்றால், மீன் வேறோர் ஆழத்தில் நிற்கும் நாளில் பன்னிரண்டும் சேர்ந்து பயனற்றுப் போகும்.

எந்த நீர், எந்தக் காலம்

டார்வின் அமைந்துள்ள நார்தர்ன் டெரிட்டரியில் கொடுவாவின் ஆண்டு மழையைச் சுற்றி நகர்கிறது. கழிமுகத்தின் உப்புநீரில் முட்டையிட்டுப் பிறக்கும் குஞ்சுகள், மழைக்காலத்தில் ஆற்றின் இருபுறமும் விரியும் வெள்ளச் சமவெளிக்குள் சென்று வளர்கின்றன. பெரும்பாலானவை ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ எண்பது முதல் நூறு சென்டிமீட்டர் நீளத்தை எட்டும் கட்டத்தில் பெண்ணாக மாறுகின்றன. மழை ஓய்ந்தபின், மார்ச் முதல் மே வரை, சமவெளியில் தேங்கிய நீர் சிறு ஓடைகள் வழியாக ஆற்றுக்குள் வடியும். அந்த நீரோடு இறாலும் சிறு மீன்களும் அடித்துக்கொண்டு வரும். ஓடை வாயில், தெளிந்த கருநீரும் கலங்கிய ஆற்று நீரும் சந்திக்கும் கோட்டில், கொடுவா நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று தின்னும். ரன்-ஆஃப் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் இக்காலம்தான், முதன்முறையாக வருபவருக்கு நான் பரிந்துரைக்கும் காலம். ஜூன், ஜூலையில் நீர் குளிர்ந்துவிடும். வெப்பம் இருபத்தைந்து பாகைக்குக் கீழே இறங்கினால் கொடுவா மந்தமடைந்து ஆழத்துக்குப் போய்விடும்.

பழவேற்காட்டிலோ முத்துக்காட்டிலோ கொடுவா பிடித்தவர்களுக்கு இம்மீனின் பதுங்கித் தாக்கும் குணம் புதிதன்று. அங்கிருப்பதும் இங்கிருப்பதும் ஒரே இனம். வேறுபடுவது நீரின் ஓட்டம். சென்னைக் கரையில் கடல் ஏறி வற்றும் அளவு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். டார்வின் துறைமுகத்தில் பெரிய ஏற்றநாட்களில் அது எட்டு மீட்டர் வரை போகும். ஆகவே டெரிட்டரியின் கழிமுகங்களில் லூரின் எடையும் அது இறங்கும் ஆழமும் நேரத்துக்கு நேரம் மாற்றிக்கொள்ள வேண்டியவையாகின்றன.

பயணத்துக்கு மேரி ஆற்றைத் தேர்ந்தெடுத்தோம். டார்வினிலிருந்து ஆர்ன்ஹம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அடையக்கூடிய கொரோபரி பில்லபாங் முதல் நாளுக்கு. ஷேடி கேம்ப் அடுத்த நாளுக்கு. கொரோபரி நன்னீர், அல்லியும் தாமரையும் கரையோரம் அடர்ந்த, ஓட்டமில்லாத நீர்நிலை. ஷேடி கேம்பில் ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பு, மேல்புற நன்னீரையும் கீழ்ப்புற உவர்நீரையும் பிரிக்கிறது. கீழ்ப்புறம் சாம்பன் கிரீக், டாமிகட் கிரீக் என்ற முகத்துவாரங்கள் வழியாகக் கடலை அடைகிறது. ஒரே ஆற்றில் இருவேறு நீர்நிலைகள் என்பதால், கருவிகளைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. வடக்கே வர எண்ணுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மேரி ஆற்றில் அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை கொடுவா பிடிக்கத் தடை உண்டு.

ராடும் ரீலும்

கொரோபரியில் நண்பர் தம் பிரீம் ராடைக் கையில் எடுத்தார். அவருக்கு அதில் நம்பிக்கை இருந்தது. எட்டுப் பவுண்டு நரம்பில் நான்கு கிலோ ஸ்னாப்பரைத் திறந்த கடலில் நிதானமாகக் களைக்கவைத்துப் பிடித்த அனுபவம் அது. காலை வெயில் ஏறிய சற்று நேரத்தில் அல்லி விளிம்பில் ஒரு கொடுவா லூரை எடுத்தது. மீன் பெரிதன்று, பாய்ந்தபோது பார்த்த அளவில் அறுபது சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் எடுத்த மறுகணமே அது தண்டுகளுக்குள் நுழைந்துவிட்டது. ராடு அடிவரை வளைந்து நின்றது, நரம்பு தண்டுகளைச் சுற்றியது, அறுந்தது.

இங்கே ஆராய வேண்டியது மீனின் எடை அல்ல, முதல் மூன்று மீட்டர். கொடுவா ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து வெளியே வந்து தாக்கிவிட்டு உடனே அதே இடத்துக்குத் திரும்பும் மீன். திறந்த நீரில் மீனை ஓடவிட்டுக் களைக்கவைக்கலாம்; விழுந்த மரத்துக்கும் அல்லித் தண்டுக்கும் அருகில் அந்த வாய்ப்பே இல்லை. அதன் தலையை நம் பக்கம் திருப்புவதற்குக் கிடைப்பது ஓரிரு நொடிகள். அதற்கு அடிப்பகுதியில் வலுவும் நுனியில் மென்மையும் உள்ள ராடு வேண்டும். ஐந்தரை அடியிலிருந்து ஆறரை அடி வரை நீளம், ஆறு முதல் பத்துக் கிலோ நரம்புக்கான தரம் என்பது படகிலிருந்து வீசுபவருக்கு நான் சொல்லும் அளவு. பன்னிரண்டு அடிக் கடற்கரை ராடு அந்தப் பயணம் முழுதும் உறையைவிட்டு வெளியே வரவேயில்லை.

மருமகனின் பெய்ட்காஸ்டர் தரத்தில் சரியானது. பல ஆண்டுகள் கொடுவா பிடித்தவர்கள் பெரும்பாலும் அதையே விரும்புவார்கள். கட்டை விரலால் சுருளைத் தடவி லூரைக் குறித்த இடத்தில் நிறுத்த முடியும், வலுவான இழுப்பும் அதில் கிடைக்கும். ஆனால் எதிர்காற்றில் இலேசான லூரை வீசும்போது, லூரின் வேகம் குறைந்த பின்னும் சுருள் சுழன்றுகொண்டே இருந்தால் நரம்பு உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளும். அவருக்கு அது திரும்பத் திரும்ப நேர்ந்தது; மீன்கள் துள்ளிக்கொண்டிருந்த நல்ல நேரத்தில் அவர் தலைகுனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் பொருத்திய ராடு ஒன்றைக் கொடுத்தேன். அதன் பிறகு அவருடைய லூர் நேரத்தின் பெரும்பகுதி நீரில் இருந்தது. பெய்ட்காஸ்டரை வீட்டருகே உள்ள புல்வெளியில் சில வாரங்கள் வீசிப் பழகாதவர், முதல் பயணத்துக்கு 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீலையே கொண்டுவர வேண்டும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

நரம்பு, லீடர், முடிச்சு

முப்பது பவுண்டு பிரெய்டு என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. பிரெய்டு நீளாது, தொலைவில் மீன் தொட்டதும் கைக்குத் தெரியும், முள்ளும் (தூண்டில் கொக்கியும்) உடனே பதியும். ஆனால் உராய்வைத் தாங்காது. அதனால்தான் அதன் முனையில் தடித்த ஒற்றை இழை நரம்பை லீடராகக் கட்டுகிறோம்.

கம்பி லீடர் ஏன் கூடாது, பதினைந்து பவுண்டு லீடர் ஏன் போதாது என்ற இரண்டுக்கும் விடை கொடுவாவின் வாயிலேயே இருக்கிறது. அதற்கு நெய்மீனைப் போல வெட்டும் பற்கள் இல்லை; உப்புத்தாள்போல் சொரசொரப்பான நுண்பற்களே உண்டு. ஆகவே கம்பி தேவையில்லை. கட்டினால் லூரின் அசைவு கெட்டுவிடும். அதே நேரத்தில், செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல் கூரானது. மீன் துள்ளித் தலையை உதறும்போது லீடர் அந்த விளிம்பின்மேல் உரசும். ஒரு நடுத்தர மீனை வலைக்குள் கொண்டுவந்தபின் நண்பரின் பதினைந்து பவுண்டு லீடரை விரலிடையே உருவிப் பார்த்தோம்: லூரிலிருந்து ஒரு சாண் தொலைவு வரை அது பஞ்சுபோல் பிசிர் விட்டிருந்தது. இன்னும் ஓர் உதறலுக்கு அது தாங்கியிருக்காது. நன்னீருக்கு நாற்பது பவுண்டு, முகத்துவாரப் பக்கம் பெரிய மீனுக்கு அறுபது என்று மாற்றினோம். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரலால் உருவிப் பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். மிகச் சிறிய வேலை; மனம் தளர்ந்த மாலையில் எல்லோரும் தவிர்க்கும் வேலையும் இதுதான்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மெலிதானது, ராடின் வளையங்களில் தட்டாமல் வழுக்கிச் செல்லும். அதைப் படகில் உட்கார்ந்து முதன்முதலாகக் கற்க முயல்வது வீண். இரட்டை யூனி முடிச்சு தடித்ததுதான். ஆனாலும் நடுங்கும் கையாலும் கட்டலாம். அதைக் கட்டுபவர் வீசும்போது முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே நிற்கும் அளவுக்கு லீடரைக் குறைத்துக்கொள்ளலாம். லூரின் மூக்கில் இறுக்கிக் கட்டாமல் சிறு கண்ணி விட்டுக் கட்டினால் லூர் தடையின்றி ஆடும்.

லூர்: ஆழம், மிதப்பு, அளவு

கொடுவா இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. பெரிய வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே கணத்தில் விரிக்கிறது. உள்ளே அழுத்தம் குறைய, அருகிலுள்ள நீர் இரையோடு சேர்ந்து வாய்க்குள் பாய்கிறது. நீர்ப்பரப்பில் இது நடக்கும்போது எழும் ‘பூஃப்’ என்ற வெடிப்போசையை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். லூர்த் தேர்வு முழுவதும் இந்த ஒரு செயலைப் புரிந்துகொள்வதில் அடங்கியிருக்கிறது. நீரோடு சேர்ந்து உள்ளே போகக்கூடிய லூர் வேண்டும். நரம்பு விறைத்திருக்க, இடைவிடாது சுழற்றிக்கொண்டிருந்தால் லூர் பின்னோக்கி இழுபடும்; மீன் திறந்த வாய் வெறும் நீரை விழுங்கும். இரண்டு மூன்று வெட்டு இழுப்பு, பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் லூர் அதே ஆழத்தில் அசையாமல் நிற்கவோ மிக மெதுவாக எழவோ செய்தால், கொடுவாவுக்கு அதைவிட எளிய இரை இல்லை. பெரும்பாலான தாக்குதல்கள் அந்த நிறுத்தத்தில்தான் வந்தன.

நண்பர் கொண்டுவந்த பெரிய மின்னோக்கள் நிறுத்தியவுடன் விரைந்து மேலே மிதந்தன. அதோடு அவற்றின் மும்முள்கள் மெல்லிய கம்பியால் ஆனவை. இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே மாற்று உண்டு: தடித்த, நான்கு மடங்கு வலு என்று குறிக்கப்பட்ட முள்களையும் அவற்றை லூரோடு இணைக்கும் தகுந்த வளையங்களையும் மாட்டினால் லூரின் எடை கூடி, மிதப்பு குறையும். ஆனால் ஏற்கெனவே நடுநீரில் நிற்கும்படி செய்யப்பட்ட லூரில் அதே முள்ளை மாட்டினால் அது மூழ்கத் தொடங்கும். எனவே முள் மாற்றிய ஒவ்வொரு லூரையும் ஒரு வாளி நீரில் விட்டுப் பார்த்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

முள் மாற்றும் வேலையை முதல் நாள் இரவே முடிக்கச் சொல்லியிருந்தேன். சில லூர்களில் மாற்றினார்கள், சிலவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் ஷேடி கேம்பின் கீழ்ப்புறத்தில், அந்தப் பயணத்தில் தூண்டிலில் ஏறிய மிகப் பெரிய மீன், முள் மாற்றாத லூரைத்தான் எடுத்தது. படகின் பக்கம் வரை வந்தது. நண்பர் அதைச் சீக்கிரம் வலைக்குள் கொண்டுவரும் பதற்றத்தில் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் தடுப்பை) திருகி இறுக்கினார். மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது, நரம்பு தளர்ந்தது, திரும்பி வந்த லூரில் வயிற்று முள்ளின் இரண்டு கொக்கிகள் நேராகி நின்றன. லீடர் அறவில்லை, முடிச்சு நழுவவில்லை, ராடு உடையவில்லை. எல்லாவற்றையும் முப்பது பவுண்டுக்கு உயர்த்திவிட்டு முள்ளை மட்டும் பழையபடி விட்டால், உடைப்பு அந்த முள்ளுக்கே இடம்பெயரும். டிராக்கையும் இதே நோக்கில் பார்க்க வேண்டும்: முப்பது பவுண்டு நரம்புக்கு மூன்று, நான்கு கிலோ இழுப்பில் அது நழுவத் தொடங்க வேண்டும். இதை வீட்டில் மீன் எடை பார்க்கும் தராசைக் கொண்டு அளந்து வைத்துவிட்டு, மீன் மாட்டிய பிறகு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆழத்தைப் பொறுத்தவரை, முதல் பயணத்துக்கு நான்கு வகை லூர் போதும் என்பது என் கணிப்பு. நடுநீரில் ஓடும் மின்னோ முதல் வகை. டார்வினில் உருவான ரீடிஸ் பி52, அமெரிக்காவின் பாம்பர் லாங் ஏ, ஃபின்லாந்தின் நில்ஸ்மாஸ்டர் ஸ்பியர்ஹெட் போன்றவை வடக்கில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. முன்பக்கம் நாக்குபோல் நீண்ட தகடுள்ள, ஆழ்ந்து செல்லும் லூர் இரண்டாவது. ஃப்ரீமேன்டிலில் செய்யப்படும் ஹால்கோ ஸ்கார்பியன் ஒரே உடலில் வெவ்வேறு ஆழங்களுக்கான நாக்குகளுடன் கிடைக்கிறது என்பதால் புதியவருக்கு வசதியானது. வறண்ட காலத்தில் வருபவர்கள் படகை நடை வேகத்தில் ஓட்டிப் பாறைத் திட்டுகளின் ஓரமாக இழுத்துச் செல்ல இவ்வகையே வேண்டும். மூன்றாவது, முள்முனை உடலுக்குள் மறைந்திருக்கும் மென்பிளாஸ்டிக் மீன். நான்காவது நீர்ப்பரப்பு லூர்.

கொரோபரியில் மூன்றாவதும் நான்காவதும்தான் வேலை செய்தன. மும்முள் தொங்கும் எந்த லூரும் அல்லித் தண்டைப் பிடித்துக்கொண்டது. முள் மறைந்த மென்பிளாஸ்டிக்கோ இலைமேல் விழுந்து, வழுக்கி, விளிம்பிலிருந்து நீருக்குள் சரிந்தது. அந்தச் சரிவிலேயே மீன் எடுத்தது. விடியலில் தவளை லூரை வீசியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நீர் வெடித்த ஓசையைக் கேட்டவுடன் நண்பர் ராடைச் சுண்டினார். லூர் வெறுமையாகப் பறந்து வந்தது. மறுபடியும் அதுவே. “மாமா, சத்தத்துக்கு இழுக்காதீங்க, கைக்குக் கனம் தெரியட்டும்” என்று மருமகன் சொன்னது மிகச் சரியான அறிவுரை. உறிஞ்சிய இரையோடு மீன் திரும்பும்போதுதான் நரம்பு கனக்கும்; முள் பதியும் நேரம் அது. ராடின் நுனி மென்மையாக இருக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே. பிரெய்டு நீளாததால், அந்தச் சிறு தாமதத்தை நுனிதான் தர வேண்டும்.

ஷேடி கேம்பில் பாடம் முற்றிலும் வேறு. நீர் வற்றத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆனபின், ஓர் ஓடை வாயில் கருநீர் ஆற்றின் பழுப்பு நீருக்குள் நாக்குபோல் நீண்டிருந்தது. அந்த விளிம்பில் மீன்கள் இடைவிடாமல் தின்றுகொண்டிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் லூர்களை அந்த இடத்துக்குள் எத்தனை முறை வீசியும் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்தை மாற்றினார்கள், பயனில்லை. நீர்ப்பரப்பை உற்றுப் பார்த்தால் வெளியே வந்துகொண்டிருந்தவை விரல் நீளத்துக்கும் குறைவான இறாலும் பொடி மீனும்தான். எட்டு சென்டிமீட்டர் மென்பிளாஸ்டிக்கை ஏழு கிராம் ஈயத்தலை முள்ளில் கோத்து, ஓடைக்குள் வீசி, ஓட்டம் அதை வெளியே அடித்துக்கொண்டு வரும்படி விட்டபோது முதல் வீச்சிலேயே மீன் எடுத்தது. அந்த வற்று நீர் ஓயும்வரை இருவரும் மாறி மாறிப் பிடித்தனர். கொடுவா பெரிய வாய்க்காரன் என்பதால் பெரிய லூர்தான் வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. ரன்-ஆஃப் காலத்தில் அந்த எண்ணம் பல நல்ல நாட்களை வீணாக்குகிறது. அந்த அளவில் நண்பரின் சில பிரீம் லூர்கள்கூடப் பொருத்தமானவையே. ஆனால் அவற்றின் முள்களைக் கொடுவா முன் நிறுத்த முடியாது.

நிறத்தைப் பற்றி விரித்துச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கலங்கிய நீரில் எடுப்பாகத் தெரியும் ஆரஞ்சு, எலுமிச்சைப் பச்சை, அல்லது நிழலுருவம் காட்டும் அடர்கருமை; தெளிந்த நன்னீரில் பொன், வெள்ளி. ஒரு வகைக்கு இரண்டு நிறம் இருந்தால் போதும்.

மீனும் முதலையும்

இந்த நீர்நிலைகள் அனைத்திலும் உப்புநீர் முதலைகள் உண்டு. 1971 முதல் டெரிட்டரியில் அவை பாதுகாக்கப்பட்டவை. ஷேடி கேம்ப் அவை மிக அடர்த்தியாக வாழும் இடங்களுள் ஒன்று. கருவித் தேர்வையும் இது நேரடியாகத் தொடுகிறது. கைப்பிடி நீண்ட, முடிச்சில்லா இழையால் பின்னிய வலை வேண்டும். மீனைக் கையால் எடுக்கக் குனிவதற்கு இடமே தரக்கூடாது. மரத்தில் மாட்டிய லூரை விடுவிக்க, நீள்கம்பு அல்லது கயிற்றில் இறக்கும் எடைக்கருவி இருக்க வேண்டும். இருபத்தைந்து டாலர் லூருக்காக நீருக்குள் கை விடும் மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடத் தவறான கணக்கு வேறில்லை. கரையிலிருந்து வீசுபவர் நீர்விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பதே அரசின் அறிவுரை.

டெரிட்டரியில் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் ஐம்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவை விட்டுவிட வேண்டும். ஆகையால் அளவுகோலும் கருவிப் பட்டியலில் சேர்கிறது. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் விடுவது எளிது. மனிதர் கையில் ஏறும் முள்ளுக்கும் அது பொருந்தும். மும்முள்ளோடு துள்ளும் மீனைப் பிடிக்கும் புதியவர்கள் பெட்டியில் பக்கவெட்டு இடுக்கி ஒன்று கட்டாயம் வைத்திருக்க வேண்டும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையை அதன் தாடையும் முதுகெலும்பும் தாங்க மாட்டா. ஒரு கை தாடையில், மற்றொன்று வயிற்றின் கீழ், உடல் கிடையாக, ஈரத் துணியின் மேல், ஒரு படம், பிறகு நீருக்குள். ஷேடி கேம்பில் மாலை நெருங்கும்போது முள் மாற்றிய லூரில் மருமகன் பிடித்த தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டிய மீனை இப்படித்தான் விட்டோம். அந்த நீளத்தில் அது பெரும்பாலும் பெண் மீன். முட்டைகளை இலட்சக்கணக்கில் சுமக்கக்கூடியது. உண்பதற்கு அறுபது, எழுபது சென்டிமீட்டர் மீனே சுவையும் மிகுந்தது.

மறுபடி வாங்குவதானால்

திரும்பும் முன் இருவரும் பட்டியலைப் புதிதாக எழுதினர். ஆளுக்கு ஒரு ராடு, ஒரு ரீல். உதிரியாக இருவருக்கும் பொதுவில் ஒன்று. லூர்களின் எண்ணிக்கையைப் பாதியைவிடக் குறைத்து, மிச்சமான பணத்தை முள், வளையம், லீடர், வலை ஆகியவற்றில் போட முடிவு செய்தனர். எனக்கு அதில் முழு உடன்பாடு. ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன்: தங்களுக்கு வாய்த்த மென்பிளாஸ்டிக்கின் அதே வகையில் உதிரிப் பொட்டலங்கள். ஒரே மாலையில் கொடுவா அவற்றைக் கிழித்துத் தீர்த்துவிடும். ஷேடி கேம்பில் வாங்கக் கடையும் இல்லை.

ராடு பற்றி விமானத்தில் வருபவர்களுக்கான குறிப்பு ஒன்று. ஆறரை அடி ஒற்றைத் துண்டு ராடை மெல்பர்னிலிருந்து கொண்டுவருவதானால் நீண்ட குழாய்ப் பெட்டியும் அதற்கான விமான நிறுவனத்தின் அளவு வரம்பும் முன்கூட்டியே பார்க்கப்பட வேண்டும். அடிப்பகுதியில் பிரியும் இரண்டு துண்டு ராடு இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. வலுவில் புதியவர் உணரும் அளவுக்கு வேறுபாடு இல்லை. மருமகன் அதையே வாங்கவிருக்கிறார். நண்பர் தம் பிரீம் ராடுகளை அடுத்த முறை வீட்டிலேயே விட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, உவர்நீரில் நனைந்த ரீல்களை நன்னீரில் கழுவி, டிராக்கைத் தளர்த்தி, பெட்டியில் அடுக்கினார்.